பச்சையாக மாறிய துளி

சூடேற்றிய சிப்பின் முதுகில் புகையும் நைட்ரிக் அமிலத்தை ஒரு துளி விட்டால், அது முதலில் மஞ்சள் கலந்த பழுப்பாகும். சில நொடிகளில் உறைப் பிசின் கரைந்து கறுப்பாகிவிடும். அந்தக் கறுப்பைக் கழுவுவதும், அடுத்த துளியை விடுவதும், மறுபடி கழுவுவதும்தான் சிப்பின் உறையைத் திறக்கும் வேலையில் பெரும்பகுதி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் நான் விட்ட பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ துளி, கறுப்பாகாமல் மெல்லிய நீலப்பச்சையாக மாறியது. டையை, அதாவது உறைக்குள் இருக்கும் சிலிக்கான் துண்டைத் தாங்கும் செம்புச் சட்டகத்தின் விளிம்பு தெரியத் தொடங்கிவிட்டது போலும் என்று எண்ணி மேலும் இரண்டு துளிகள் விட்டேன். கழுவி எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது டை பளிச்சென்று இருந்தது. அதன் நான்கு ஓரங்களிலும் கம்பிகளை ஒட்டும் அலுமினியத் திண்டுகள் வரிசையாக இருந்தன. ஆனால் எந்தத் திண்டிலிருந்தும் ஒரு கம்பிகூடப் புறப்படவில்லை.

கரைந்தது சட்டகம் அன்று, டையை வெளிக்கால்களோடு இணைக்கும் கம்பிகள். அந்தச் சிப்பின் மீது வந்திருந்த புகாரோ, சூடேறும்போது மட்டும் ஒரு காலில் இணைப்பு விட்டுப்போகிறது, ஆறினால் திரும்பி வந்துவிடுகிறது என்பது. கம்பியில் இருந்திருக்கக்கூடிய பழுதைத் தேடப் போய்க் கம்பிகளையே கரைத்துக் கழிவுக் குடுவையில் ஊற்றிவிட்டேன். எங்களிடம் வந்திருந்த பழுதான சிப்புகள் மொத்தம் இரண்டு. மிச்சம் இருந்தது ஒன்று.

பழுதாய்வு செய்கிறவர்கள் உறை திறப்பதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் எந்த அமிலம், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்றே பேசுகிறோம். நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் இந்த வேலையின் கடினமான பகுதி திறப்பதில் இல்லை. எதைக் கரைக்கப் போகிறோம் என்பதைக் கரைப்பதற்கு முன் அறிந்துகொள்வதில் இருக்கிறது. உறை என்பது உள்ளே இருப்பதை மறைக்கும் வெறும் மூடியன்று. பல பழுதுகளில் சாட்சி அதுவேதான்.

முதலில் அந்த உறை எதனால் ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பார்வைக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் போலத் தெரியும் அந்தப் பொருளின் எடையில் ஏறத்தாழ 70 முதல் 90 விழுக்காடு வரை சிலிக்காத் தூள்தான். சிலிக்கான் மிகக் குறைவாகவே விரியும், எபாக்சிப் பிசினோ பல மடங்கு விரியும். இரண்டையும் ஒட்டவைத்துச் சூடாக்கினால் ஒன்றையொன்று பிய்த்துக்கொள்ளும் என்பதால், பிசினின் விரிவைக் குறைக்கவே இவ்வளவு சிலிக்காவைக் கலக்கிறார்கள். எஞ்சிய பங்கில் எபாக்சி, அதை இறுக்கும் பொருள், நிறத்துக்குக் கரி, தீப்பற்றாமல் இருக்கச் சேர்க்கும் பொருட்கள் ஆகியவை இருக்கும். நாம் ஊற்றும் அமிலம் சிலிக்காவைத் தொடுவதில்லை. நடுவில் இருக்கும் எபாக்சியை மட்டும் சிதைக்கிறது. பிடிப்பை இழந்த சிலிக்கா மணிகள் கழுவும்போது சேறுபோல வழிந்து போகும். கழுவாமல் அமிலத்தை மட்டும் மேலும் மேலும் விட்டுக்கொண்டிருப்பவருக்கு வேலை நகராமல் இருப்பதற்கு இந்தச் சேறுதான் காரணம்.

நைட்ரிக் அமிலத்தின் மீது எங்களுக்கு இருந்த நம்பிக்கை தங்கத்தால் வந்தது. நெடுங்காலம் டையையும் வெளிக்கால்களையும் இணைத்தவை தங்கக் கம்பிகள். அவற்றின் பருமன் பெரும்பாலும் 25 மைக்ரான் அளவில், அதாவது தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். தங்கம் நைட்ரிக் அமிலத்தில் கரையாது. டையின் மேற்பரப்பைக் காக்கும் சிலிக்கான் நைட்ரைடும் கரையாது. அலுமினியத் திண்டுகள் மட்டும் ஒரு நிபந்தனையுடன் தப்பிக்கும்: அமிலத்தில் நீர் இருக்கக் கூடாது. நீரற்ற, புகையும் தரத்து அமிலம் பட்டால் அலுமினியத்தின் மேல் ஒரு ஆக்சைடுப் படலம் உண்டாகி அதைக் காத்துக்கொள்கிறது. நீர் கலந்து அமிலம் நீர்த்துவிட்டாலோ அரிப்புத் தொடங்கிவிடும். அமிலம் பட்ட சிப்பை நேரே தண்ணீரில் போடும் புதியவர்கள், திண்டுகளில் அரிப்பைக் கண்டு இதுதான் பழுதுக்குக் காரணம் என்று எழுதிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அரிப்பு தொழிற்சாலையிலும் நிகழவில்லை, பயன்பாட்டிலும் நிகழவில்லை. எங்கள் கழுவுதொட்டியில் நிகழ்ந்தது. அதனால்தான் முதலில் அசிட்டோனால் கழுவி அமிலத்தை முழுதும் அகற்றிய பிறகே தண்ணீர்ப் பக்கம் போகிறோம்.

2000-களின் பிற்பகுதியில் தங்கத்தின் விலை ஏறியதும் உற்பத்தியாளர்கள் செம்புக் கம்பிக்கு மாறத் தொடங்கினார்கள். மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பு தங்கத்தைவிட மேலானது; விலையோ அற்பம். நைட்ரிக் அமிலத்துக்கு அதைவிட விருப்பமான இரை கிடையாது என்பது மட்டுமே எங்களுக்குத் தொல்லை. நான் திறந்த சிப்பின் மேல் அச்சில் இந்த மாற்றத்துக்கான அடையாளம் எதுவும் இல்லை; அதே எண், அதே உறை, அதே கால்கள். ஆனால் எக்ஸ்ரே படத்தில் அடையாளம் இருந்தது. தங்கம் எக்ஸ்ரேயை நன்றாகத் தடுப்பதால் அதன் கம்பிகள் கூர்மையான கறுப்புக் கோடுகளாக விழும். செம்புக் கம்பிகள் சாம்பல் நிறத்தில் மங்கலாக விழும். அலுமினியக் கம்பிகள் பெரும்பாலும் தெரிவதே இல்லை. என் படத்தில் கம்பிகள் மங்கலாகத்தான் இருந்தன. மின்னழுத்தத்தைச் சரியாக வைக்கவில்லை என்று நினைத்துக் கணினியில் படத்தின் அடர்வைக் கூட்டிக்கொண்டேன். மங்கல் என்பதே செய்தி என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. முதலாவது, மேற்புறத்தை எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்துவைப்பது. அமிலம் அழிக்கும் முதல் பொருள் மேலே அச்சிட்டிருக்கும் எழுத்துகள். போலிச் சிப்பு வழக்குகளில் பாதி அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது. இரண்டாவது, ஒவ்வொரு காலையும் தரைக்காலுக்கு எதிராக அளந்து, மின்னழுத்தம் கூடக்கூட மின்னோட்டம் எப்படி ஏறுகிறது என்ற வளைகோட்டை வரைந்து, நல்ல சிப்பின் வளைகோட்டோடு ஒப்பிடுவது. மூன்றாவது எக்ஸ்ரே. நான்காவது ஒலி நுண்ணோக்கி. இதைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும்.

ஒலி நுண்ணோக்கியில் சிப்பைத் தண்ணீருக்குள் வைத்து, 15 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மீயொலியை அதன் மேல் புள்ளி புள்ளியாகப் பாய்ச்சி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறார்கள். ஒலி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஒரு பகுதி திரும்பும். நடுவில் காற்று இடைவெளி இருந்தால் ஏறத்தாழ முழுதுமே திரும்பும், அதுவும் அலை தலைகீழாகித் திரும்பும். ஒரு மைக்ரானுக்கும் குறைவான இடைவெளிகூட இதில் சிக்கிக்கொள்ளும். உறை சட்டகத்திலிருந்து விட்டுப்போயிருக்கிறதா, டையின் முகத்திலிருந்து பெயர்ந்திருக்கிறதா என்பதை வேறு எந்தக் கருவியும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. ஈரத்தை உறிஞ்சிய சிப்பைப் பற்றவைப்பு உலையில் விட்டால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி உறையைப் பிளந்துவிடும். சோளப்பொரி என்றே தொழிலில் அதற்குப் பெயர். அந்தப் பிளவு ஓர் இடைவெளிதானே ஒழியப் பொருளன்று. உறையைக் கரைத்தால் இடைவெளியும் போய்விடும். இருந்ததற்கான தடயமே இராது.

இதற்கு இன்னும் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 2000-ஆம் ஆண்டை ஒட்டி, உறையில் தீத்தடுப்புக்காகச் சிவப்புப் பாஸ்பரஸ் கலந்த சிப்புகள் சில மாதங்கள் நன்றாக வேலை செய்துவிட்டுக் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. பாஸ்பரஸ் மணிகளின் மேற்பூச்சு போதாமல், அவை ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பாரிக் அமிலமாகி, அடுத்தடுத்த கால்களுக்கு இடையே உலோகம் அயனிகளாக நகர்ந்து பாலம் போட வழிசெய்தது. டையில் ஒரு குறையும் இல்லை, கம்பியில் ஒரு குறையும் இல்லை, குற்றவாளி உறையேதான். இத்தகைய சிப்பை நைட்ரிக் அமிலத்தில் திறந்து பார்ப்பவர், பாலத்தையும் பாஸ்பரஸையும் ஒன்றாகக் கரைத்துவிட்டு, டை நன்றாக இருக்கிறது, பழுது மறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதுவார். அவர் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்காது.

திறந்தே ஆக வேண்டிய பழுதுகளும் நிறைய உண்டு. நிலைமின் பாய்ச்சலில் செத்த சிப்பையும், மிகை மின்னோட்டத்தில் செத்த சிப்பையும் வெளியிலிருந்து அளந்தால் இரண்டும் கசிவு என்றே காட்டலாம். உள்ளே பார்த்தால் பெரும்பாலும் வேறுபாடு தெரிந்துவிடும். மிகை மின்னோட்டம் உருகிய உலோகத்தையும், கருகிய பிசினையும், சில வேளைகளில் நடுவில் அறுந்து இரு முனைகளிலும் உருண்டை கட்டிய கம்பியையும் விட்டுச்செல்லும். கருகிய பிசின் அமிலத்திலும் எளிதில் கரையாது, தீவுபோல டையின் மேல் நின்றுவிடும். நிலைமின் பாய்ச்சலோ ஒரு டிரான்சிஸ்டரின் கேட் ஆக்சைடு என்ற மெல்லிய காப்புப் படலத்தில் ஊசிமுனையைவிடச் சிறிய ஓட்டையைப் போட்டுவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருக்க விட்டுவிடும். அந்த ஓட்டையைக் கண்ணால் தேடினால் ஆயுள் போதாது. டைக்கு மின்சாரம் கொடுத்து, கசியும் இடத்திலிருந்து வெளிப்படும் மிக மங்கிய ஒளியையோ வெப்பத்தையோ படம் பிடித்து, இந்த இடம் என்று குறித்துக்கொண்ட பிறகே மேலடுக்குகளை ஒவ்வொன்றாக உரிக்கிறோம். மின்சாரம் கொடுக்க வேண்டுமானால் கம்பிகள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்க. உறையைத் திறந்தபின்னும் சிப் வேலை செய்ய வேண்டும். அதுதான் நல்ல திறப்புக்கு அளவுகோல்.

செம்புக் கம்பிகளைக் காப்பாற்றப் பல வழிகள் வந்துவிட்டன. லேசரால் உறையை அடுக்கடுக்காகச் சுட்டெடுத்து, டைக்கு மேல் ஒரு மெல்லிய படலம் எஞ்சும்போது நிறுத்திக்கொள்வது முதல் படி. லேசர் டையைத் தொட்டால் டையும் போய்விடும் என்பதால் கடைசிப் படலத்தை அதனிடம் ஒப்படைக்க முடியாது. பிறகு நைட்ரிக்கும் கந்தக அமிலமும் கலந்த கலவையைக் குறைந்த வெப்பத்தில் சிறிது நேரம் மட்டும் பட வைக்கிறோம். திறக்கும்போதே சிப்பின் கால்களுக்கு மின்னழுத்தம் கொடுத்துச் செம்பின் அரிப்பை அடக்கும் கருவிகளும் உண்டு. அமிலமே வேண்டாம் என்பவர்கள் நுண்ணலையால் உண்டாக்கிய ஆக்சிஜன் பிளாஸ்மாவைக் கொண்டு எபாக்சியை எரித்து, எஞ்சும் சிலிக்காவை மீயொலித் தொட்டியில் உதிர்க்கிறார்கள். மணிக்கணக்கில் ஆகும் என்றாலும், வெள்ளிக் கம்பி உள்ள சிப்புகளுக்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சாந்தமான வழி இல்லை.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர் அவ்வப்போது எனக்கு எழுதுகிறார்கள். என் பதில் ஒன்றே: இந்த அமிலத்தை வீட்டில் தொடாதீர்கள். பழுப்பு நிறத்தில் எழும் நைட்ரஜன் டைஆக்சைடை மூச்சில் இழுத்தவருக்கு அப்போது லேசான இருமல் மட்டும் வந்து, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். சாதாரண நைட்ரைல் கையுறை புகையும் நைட்ரிக் அமிலத்தைத் தாங்காது. கழுவப் பயன்படும் அசிட்டோனும் கரைக்கப் பயன்படும் அமிலமும் ஒரே கழிவுக் குடுவையில் சேர்ந்தால் குடுவை வெடிக்கலாம். எங்கள் ஆய்வகத்தில் இரண்டு குடுவைகளையும் அறையின் எதிரெதிர் மூலைகளில் வைத்திருப்பதற்கு அழகியல் காரணம் எதுவும் இல்லை. டையை மட்டும் பார்த்தால் போதும், கம்பிகள் வேண்டாம் என்பவர்கள் மரப்பிசினை உருக்கிக் கொதிக்கவிட்டு அதில் சிப்பை மணிக்கணக்கில் ஊறவைத்துத் திறக்கிறார்கள். அதுவும் நல்ல காற்றோட்டத்தில் செய்ய வேண்டிய, புகையும் தீயபாயமும் நிறைந்த வேலைதான்.

போலிகளுக்கு வருகிறேன். பழுதாய்வில் திறப்பது கடைசிப் படி. போலி கண்டுபிடிப்பில் பலர் அதை முதல் படியாக்கிக்கொள்கிறார்கள், ஏனெனில் டை பொய் சொல்லாது என்று ஒரு நம்பிக்கை. அமெரிக்க வணிகத் துறை 2010 ஜனவரியில் வெளியிட்ட கணக்கெடுப்பில், 2005-இல் 3,868 ஆக இருந்த போலி மின்னணு உறுப்பு நிகழ்வுகள் 2008-இல் 9,356 ஆக உயர்ந்திருந்தன. அந்நாட்டுச் செனட்டின் படைத்துறைக் குழு 2012 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில், இராணுவ வழங்கல் சங்கிலியில் ஐயத்துக்குரிய 1,800 வழக்குகளும், அவற்றில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்புகளும் குறிக்கப்பட்டன. இவற்றில் கணிசமானவை, கழிவுப் பலகைகளிலிருந்து பிடுங்கி, பழைய எழுத்தைத் தேய்த்து, கறுப்புப் பூச்சடித்து, புதிய எழுத்தை அச்சிட்ட பழைய சிப்புகள்.

கறுப்புப் பூச்சைக் கண்டுபிடிக்க அமிலம் வேண்டியதில்லை. பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் துடைத்தாலே மலிவான பூச்சு கறுப்பாகப் பஞ்சில் ஏறும். உறுதியான பூச்சுக்குச் சூடாக்கிய வேறு கரைப்பான்கள் உண்டு. அச்சில் வார்த்த உறையில் முதல் காலைக் குறிக்கும் சிறு குழியைப் பார்த்தாலும் போதும்: அசலில் அதன் அடிப்பகுதி வழவழப்பாகவும் ஆழம் ஒரே சீராகவும் இருக்கும்; தேய்த்த சிப்பில் குழி ஆழம் குறைந்தோ பூச்சு நிரம்பியோ காணப்படும். நான் பார்த்த ஒன்றில் குழிக்குள் மட்டும் பழைய மேற்பரப்பு பளபளப்பாக எஞ்சியிருந்தது. தேய்த்தவரின் உப்புத்தாள் அங்கே நுழையவில்லை.

டை எதைச் சொல்லும்? பெரும்பாலான டைகளின் ஓரத்தில் வடிவமைத்தவரின் சின்னம், டையை அச்சிடப் பயன்படும் முகமூடித் தகட்டின் எண், பதிப்புரிமை ஆண்டு ஆகியவை உலோக அடுக்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஐந்நூறு மடங்கு பெருக்கத்தில் ஒரு மூலையில் அந்த எழுத்துகள் தட்டுப்படும் கணம் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எனக்கு அலுக்கவில்லை. ஒரு முறை மேலே 0412 என்று தேதிக் குறி அச்சிட்ட சிப்பைத் திறந்தோம். 2004-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் தயாரானது என்று அதற்குப் பொருள். டையின் மூலையில் 2006 என்று இருந்தது. வரைபடம் வரைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கட்டிய வீடு அது. அறிக்கை ஒரே பத்தியில் முடிந்துவிட்டது.

இதே ஒப்பீட்டைத் திருப்பிப் போட்டால் தவறாகிவிடும். டையில் 1998 என்றும் மேலே 2015 என்றும் இருப்பதில் ஐயப்பட எதுவும் இல்லை. டையின் ஆண்டு வடிவமைப்புக்கு உரியது. நன்றாக ஓடும் ஒரு வடிவமைப்பை இருபது ஆண்டுகள் மாற்றாமல் அச்சிடுவார்கள். சின்னமும் இப்படித்தான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 2000-இல் பர்-பிரவுனையும் 2011-இல் நேஷனல் செமிகண்டக்டரையும் வாங்கியது. அனலாக் டிவைசஸ் 2017-இல் லீனியர் டெக்னாலஜியை வாங்கியது. அத்தகைய நிறுவனம் ஒன்றின் டையில் பழைய நிறுவனத்தின் சின்னம் இருப்பது இயல்பு. உறையில் ஒரு பெயர், டையில் வேறு பெயர் என்று பார்த்தவுடன் போலி என்று எழுதிய அறிக்கைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பிய வாங்குபவருக்கும் அதனால் இழப்புத்தான். ஒரே எண்ணுள்ள சிப்புக்கு உற்பத்தியாளர் நடுவில் டையைச் சுருக்கி மறுவடிவமைப்புச் செய்வதும் வழக்கம். எனவே நம்பகமான வழியில் வாங்கிய அசலை, முடிந்தால் அதே காலத்துத் தேதிக் குறியோடு, அருகில் திறந்து வைத்துக்கொள்ளாமல் டையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

டை வேறு என்று தெரிந்துவிட்டால் கதை முடிந்தது என்றும் சொல்ல முடியாது. யுஎஸ்பியைத் தொடர்முனையாக மாற்றும் எஃப்டி232 சிப்பின் அசலையும் போலியையும் 2014-இல் ஆர்வலர்கள் திறந்து படம் வெளியிட்டார்கள். போலியின் உள்ளே இருந்தது அசலின் நகலன்று. அசலைப் போல நடிக்கும்படி நிரல் எழுதப்பட்ட ஒரு பொதுவான மைக்ரோகன்ட்ரோலர். வெளியிலிருந்து பார்த்தால் வேலை ஒன்றேதான். அதே ஆண்டு அக்டோபரில் அசலைத் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட டிரைவர், விண்டோஸ் புதுப்பிப்பு வழியாகப் பரவி, போலிகளின் அடையாள எண்ணைச் சுழியமாக்கி அவற்றை முடக்கியது. தாங்கள் வாங்கியது போலி என்றே அறியாதவர்களின் கருவிகளும் அன்று நின்றுபோயின. அந்தப் போலியைச் செய்தவரின் உழைப்பைப் பார்க்கும்போது, அவர் ஏன் தன் சொந்தப் பெயரிலேயே அதை விற்கவில்லை என்று எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

எதிர்முனையில், உழைப்பே இல்லாத போலிகளும் உண்டு. பெரிய உலோகக் கவசம் கொண்ட 2என்3055 திறன் டிரான்சிஸ்டரைத் திறக்க ஒரு சிறு இரம்பம் போதும். கவசத்தின் விளிம்பைச் சுற்றி அறுத்து மூடியைத் தூக்கினால், அசலில் அகலமான ஒரு டை அமர்ந்திருக்கும். போலியில் அதே பரந்த அடித்தட்டின் நடுவே மிகச் சிறிய ஒரு டை, பெரிய கூடத்தில் தனியே விடப்பட்ட குழந்தையைப் போல இருக்கும். குறைந்த மின்னோட்டத்தில் சோதித்தால் தேறிவிடும். முழுச் சுமையில் வைத்தால் நொடிகளில் செத்துவிடும்.

ஆனால் திறந்து பார்ப்பதால் ஒருபோதும் அகப்படாத போலிகளே எனக்கு அதிகக் கவலை தருபவை. கழிவுப் பலகையிலிருந்து பிடுங்கிய சிப்பின் உள்ளே இருப்பது அசல் டைதான். வணிகத் தரச் சிப்பின் எழுத்தை அழித்து இராணுவ வெப்பநிலைத் தரம் என்று அச்சிட்டாலும் டை அதேதான், ஏனெனில் தரம் பிரிப்பது பல வேளைகளில் சோதனை மேசையில் நடக்கிறதே தவிர டையில் அன்று. இவற்றைக் காட்டிக்கொடுப்பவை கால்களின் மேல் மறுபடி பூசிய ஈயப்பூச்சும், வளைத்து நிமிர்த்திய தழும்பும், தாழ்ந்த வெப்பத்திலும் உயர்ந்த வெப்பத்திலும் எடுத்த மின்னளவுகளும். இத்தகைய சரக்கில் ஒன்றைத் திறந்து, டை அசல் என்று சான்று எழுதிக் கொடுப்பது, திருட்டு வண்டியின் இயந்திரத்தைப் பார்த்து இது அசல் இயந்திரம் என்று சான்று கொடுப்பதைப் போன்றது.

பீங்கான் உறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உளியாலும் பொறுமையாலும் மூடி கழன்றுவிடும், அமிலம் தேவைப்படாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அந்த மூடிக்குக் கீழே அடைபட்டிருக்கும் வாயுவும் ஒரு சாட்சி. உள்ளே எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை அளக்க வேண்டுமானால், வெற்றிடத்தில் மூடியில் துளையிட்டு வாயுவைப் பகுத்தறியும் கருவியில்தான் முதல் துளை விழ வேண்டும். அமெரிக்க இராணுவச் செந்தர முறைகளில் பத்து லட்சத்தில் 5,000 பங்கு என்ற வரம்பு அதற்கே உரியது. மூடியைக் கழற்றிவிட்டு வாயுவை அளக்க நினைப்பவருக்கு அறையின் காற்றுத்தான் கிடைக்கும்.

அந்த இரண்டாவது சிப்புக்குத் திரும்புகிறேன். முதலாவதை இழந்த அடுத்த வாரம் முழுதும் நான் அதைத் தொடவில்லை. எக்ஸ்ரேயை மறுபடி எடுத்தேன். பக்கத்தில் தங்கக் கம்பியுள்ள ஒரு பழைய சிப்பை வைத்து ஒரே படத்தில் எடுத்தபோது இரண்டு கோடுகளுக்கும் இடையிலான வேறுபாடு குழந்தைக்கும் தெரியும்படி இருந்தது. ஒலி நுண்ணோக்கியில் டையின் முகம் நன்றாக ஒட்டியிருந்தது. ஆனால் சட்டகத்தின் ஒரு பக்கத்தில், வெளிக்கால்களின் உள்முனைகளான விரல்களில் நான்கின் நுனியில் உறை விட்டுப்போயிருந்தது, புகார் வந்த காலின் விரல் அந்த நான்கில் ஒன்று. கம்பி டையில் உருண்டையாக ஒட்டியிருக்கும். சட்டக விரலில் தையல்போல நசுக்கி ஒட்டியிருக்கும். அந்தத் தையலின் குதிகால்தான் கம்பியின் மிக மெலிந்த இடம். சுற்றியுள்ள உறை பிடிப்பை இழந்தால், சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் வளைந்து வளைந்து களைத்துப்போகும்.

இப்போது லேசரும் குளிர்ந்த கலவையும் கொண்டு கம்பிகளைக் காப்பாற்றித் திறக்க என்னால் முடியும். ஆனால் திறந்தால் என்ன ஆகும்? குதிகாலில் விரிசல் இருந்தால் அதை இதுவரை பிடித்து வைத்திருப்பது உறைதான். உறையை அகற்றிய நொடியில் கம்பி நிமிர்ந்துவிடும். கழுவும் அசிட்டோனின் விசையே அதை அறுத்துவிடலாம். பிறகு, இந்த முறிவு பயன்பாட்டில் நிகழ்ந்ததா, உங்கள் ஆய்வகத்தில் நிகழ்ந்ததா என்று உற்பத்தியாளர் கேட்டால் என்னிடம் பதில் இராது. ஆகவே திறக்கவில்லை. சிப்பை அப்படியே தெளிந்த எபாக்சியில் வார்த்து, பக்கவாட்டிலிருந்து தேய்க்கத் தொடங்கினோம்.

தேய்ப்பது அமிலத்தைவிட மெதுவான வேலை. 25 மைக்ரான் கம்பியின் நடுத்தளத்தில் நிற்க வேண்டும். முன்னே நின்றால் கம்பி தெரியாது, தாண்டினால் கம்பி இருக்காது. கரடான தாளில் தொடங்கி, ஒவ்வொரு சில மைக்ரானுக்கும் நிறுத்திப் பார்த்து, வைரப் பசையில் மெருகேற்றி, கடைசியில் 0.05 மைக்ரான் துகள்களில் முடிக்க எங்களுக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. மின்னணு நுண்ணோக்கியில் விரலின் வெள்ளிப் பூச்சும், அதன் மேல் நசுங்கிய செம்பும், இரண்டுக்கும் மேலே உறையின் சிலிக்கா மணிகளும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. உறைக்கும் விரலுக்கும் நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு வலமிருந்து இடமாக ஓடி, குதிகாலை அடைந்ததும் மேல்நோக்கித் திரும்பிச் செம்பின் குறுக்கே சென்றது. விரிசலின் இரு முகங்களும் நேரெதிரே, பிரிந்தும் பிரியாமலும், ஒரு மைக்ரானுக்கும் குறைவான இடைவெளியில் நின்றன. அறை வெப்பத்தில் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

முதல் சிப்பு இன்னும் என் மேசை இழுப்பறையில், ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. புதிதாகச் சேர்பவர்களிடம் நுண்ணோக்கியில் அதைக் காட்டி, இதில் என்ன பழுது என்று கேட்பேன். திண்டுகள் சுத்தமாக இருக்கின்றன, டையில் தீப்புண் இல்லை, அரிப்பு இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். கம்பிகள் எங்கே என்று கேட்க அவர்களுக்குச் சற்று நேரம் பிடிக்கும்.